மூங்கில் தரைக்குக் கீழே

ஈ அவருடைய தோள்மேல் உட்கார்ந்திருக்கிறது, விரட்டவேண்டும், கை எழவில்லை, இந்த உச்சிவெயில் நேரத்தில் என் கைகூட என்னுடையதாக இருப்பதில்லை. தோள் என்று சொல்கிறேனே, இத்தனை துணிகளுக்குள்ளே அவருடைய தோள் எங்கே, முழங்கால் எங்கே என்று இப்போது யாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் இறந்த அன்று முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்து, வயிற்றுப்பிள்ளையைப்போல உட்காரவைத்து, முதல் துணியைச் சுற்றியவர்களில் நானும் ஒருத்தி. அதற்குப் பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு துணி கொண்டுவந்தார்கள். குதிரை போட்ட துணி, இறால் போட்ட துணி, ஒன்றுமே போடாத வெறும் நீலத் துணி. சுற்றச் சுற்ற அவர் பெருத்துக்கொண்டே போனார். உயிரோடு இருந்தவரை ஒல்லியான மனிதர், கீழே பன்றிகளுக்குப் போடக் குனிந்தால் முதுகெலும்பை எண்ணலாம். இப்போது நடுத்தூணைவிடப் பருமனாக, கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வறட்சிக் காலம் போய்விட்டது. எங்கள் சும்பா தீவில் இது யாருக்கும் விசித்திரமில்லை, எருமைகள் சேரும்வரை இறந்தவர் வீட்டில்தான் இருப்பார், எருமைகள்தான் அவரை முன்னோர்களிடம் கூட்டிப்போகவேண்டும், அவை இல்லாமல் அனுப்பினால் பாதி வழியில் நின்றுவிடுவார், யாரும் திறக்காத கதவின் முன்னால் நிற்பவரைப்போல. அவருடைய தம்பி லண்டு ஊர் ஊராகப் போய், உறவுகளை ஞாபகப்படுத்தி, சண்டை போட்டு, கெஞ்சி, ஒவ்வொன்றாகச் சேர்த்தான். சோளம் அறுத்ததும் அடக்கம் என்று நாள்கூடப் பேசியாயிற்று. இன்று விடியற்காலையில் என்னை எழுப்பியது சத்தம் இல்லை, சத்தம் இல்லாததுதான். எருமைகள் மூச்சுவிடுவது கேட்கவில்லை. இரண்டு வருஷமாக இறந்தவர் பக்கத்திலேயே படுத்து எழுபவளுக்கு அந்த மூச்சுகள்தான் அண்டைவீட்டுக்காரர்கள். ஒன்று பெருமூச்சு விடும், ஒன்று தூக்கத்தில் மெல்லும், கொம்பு வளைந்தது மட்டும் கட்டையில் உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசல் இல்லை. எழுந்து உட்கார்ந்து இருட்டைக் கேட்டேன். பிறகு வெளியே யாரோ, பட்டி திறந்திருக்கிறது, பட்டி திறந்திருக்கிறது என்று ஓடினார்கள்.

ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள், குதிரையில் சிலர், மோட்டார் சைக்கிளில் சிலர், வெறுங்காலில் மற்றவர்கள், நாய்களும் அவர்கள் பின்னாலேயே. எருமைத் திருடர்கள் தனியாக வருவதில்லை, கூட்டமாக வருவார்கள், ஈட்டி இருக்கும், நாட்டுத் துப்பாக்கிகூட இருக்கும், ஆண்கள் இல்லாத ஊருக்குத் திரும்பி வந்தாலும் வருவார்கள். அதனால் பெண்களையும் பிள்ளைகளையும் கீழே சாலையோரப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். லண்டு ஏணியில் பாதிவரை ஏறி வந்து நின்றான். "அண்ணி, நீங்களும் போகணும்னா..." என்று ஆரம்பித்துவிட்டு, அவரைப் பார்த்தான், நிறுத்தினான். போகமுடியாது என்று அவனுக்கும் தெரியும். இறந்தவரை ஒரு மூச்சு நேரம்கூடத் தனியாக விடக்கூடாது. "ஏதாவது ஒண்ணுன்னா சேகண்டியைத் தட்டுங்க. ஒரு தட்டு போதும். மேற்குக் குன்று வரைக்கும் கேட்கும், வந்துடுவோம்" என்றான். சேகண்டி அதோ வாசல் தூணில் தொங்குகிறது. சாவுக்கு அடிப்பது, கல்யாணத்துக்கு அடிப்பது, திருடனுக்கு அடிப்பது, எல்லாம் அதுதான், அடிக்கிற விதம்தான் வேறு. ஊர் முழுக்க இப்போது காலி. குன்றின் முதுகில் பத்துப் பன்னிரண்டு வீடுகள், வானத்தைக் குத்துகிற மாதிரி உயர்ந்த புல்கூரைகள், நடுவில் முன்னோர்களின் கல்லறைப் பலகைகள், அவற்றின்மேல் உலர்த்திய மிளகாயை யாரும் எடுக்காமல் போய்விட்டார்கள். பள்ளத்தாக்கில் புல் மஞ்சளாக எரிகிறது. காற்று இல்லை. போலீஸ் நிலையம் அரைநாள் வழி, மழை பெய்தால் ஒரு நாள். இதை யாரும் குறையாகச் சொல்வதுகூட இல்லை. இங்கே ஒரு வீட்டைக் காப்பது கூரையும் நாயும் பக்கத்துவீட்டுக்காரனும்தான், மூன்றுமே இன்று எனக்கில்லை, இல்லை, கூரை இருக்கிறது.

என்னைப் பெண் கேட்டு அவர்கள் வந்தபோதும் எருமைகள்தான் முன்னால் நடந்தன. நான் அப்பா வீட்டு மூங்கில் சுவரின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், முதலில் கொம்புகள், பிறகு புழுதி, புழுதிக்குப் பின்னால் குதிரைகள், கடைசியில் ஒல்லியாக ஒருவர், அவர்தான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அவர் மட்டும் எருமைகளைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்தார். அம்மா என் காதில், நல்ல எருமைகள், என்றாள். நல்ல மனிதர் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பிறகு ரொம்ப காலம் எனக்கு ஒரு கனவு வரும், எருமைகள் ஒவ்வொன்றாக அப்பா வீட்டுக்குள் போகும், நான் ஒவ்வொரு அடியாக வெளியே வருவேன், கடைசி எருமை உள்ளே போனதும் கதவு மூடிவிடும், உள்ளே என் பாயில் அது படுத்திருக்கும். எனக்காக எருமைகள் இந்த வீட்டிலிருந்து போயின, இவருக்காக எருமைகள் இந்த வீட்டுக்கு வந்தன, இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன், இது என்ன, தூக்கம் வருகிறது, கூடாது. கண்ணை மூடினால் தரை ஆடுகிறது. இந்த மூங்கில் தரை எப்போதும் கொஞ்சம் ஆடும், கால்கள்மேல் நிற்கிற வீடுதானே, கீழே பன்றிகளும் கோழிகளும், நடுவில் நாங்கள், மேலே கூரையின் கூம்பில் முன்னோர்கள். பன்றி உறுமுகிறது. பசி உறுமல் இல்லை. பன்றியின் எல்லா உறுமலும் எனக்குத் தெரியும், இது, நகர்ந்துகொள் என்கிற உறுமல், அந்நியர் பக்கத்தில் வந்தால் உறுமுவது. கண்ணைத் திறந்தேன். ஈ போய்விட்டது. மூங்கில் கீற்றுகளின் நடுவே இருக்கும் சந்து வழியாகக் கீழே பார்த்தேன், இருட்டு, வைக்கோல், கறுப்புப் பன்றியின் முதுகு, அதற்குப் பக்கத்தில் ஒரு மனிதனின் கை. கை விரிந்திருக்கிறது. பிறகு, அவ்வளவு பக்கத்தில், என் முழங்காலுக்கு நேர்கீழே, ஒரு கண்.

எவ்வளவு நேரம் அந்தக் கண்ணும் நானும் அப்படியே இருந்தோம், தெரியவில்லை. பயம் என்று தோன்றுவதற்கு முன்னால், இந்தக் கண்ணில் புழுதி விழுமே, நான் நகர்ந்தால் மூங்கில் தூள் உதிருமே என்றுதான் தோன்றியது. பயம் பின்னால் வந்தது, காலிலிருந்து வந்தது. சேகண்டி எட்டு பத்து அடி தூரம். எழுந்தால் தரை கிறீச்சிடும், நான் எங்கே போகிறேன் என்று அவனுக்குத் தெரியும், அவனிடம் என்ன இருக்கிறதோ, மூங்கில் தரைக்குக் கீழிருந்து ஈட்டியால் குத்தியே கொல்லலாம், அப்படி ஒரு பெண்ணைக் கொன்ற கதையை அடுத்த ஊரில் சொல்வார்கள், அவள் உலை மூட்டிக்கொண்டிருந்தாளாம். ஆனால் அவன் கால். இப்போது தெரிகிறது, முழங்காலுக்குக் கீழே கால் போகக்கூடாத பக்கமாகப் போயிருக்கிறது, கால்சட்டை ரத்தத்தில் கறுத்து, பன்றியின் வைக்கோலோடு ஒட்டியிருக்கிறது. ஓடமுடியாதவன். ஊரே அவனைத் தேடி மேற்கே போயிருக்க, அவன் திருடிய ஊருக்கே தவழ்ந்து வந்து, யாரும் தேடாத ஒரே இடத்தில் படுத்திருக்கிறான். ஒரு தட்டு போதும். லண்டு வருவான், மற்றவர்கள் வருவார்கள், அப்புறம், அப்புறம் என்ன, நான் புதுப்பெண்ணாக இந்த ஊருக்கு வந்த வருஷம், நாங்கள் சோளம் உரித்துக்கொண்டிருந்தோம், அந்தக் கல்லறைப் பலகைக்குப் பக்கத்தில், பெண்கள் எல்லோரும், மேலே பரணில் அடுக்கவேண்டும், மழை வரும்போல இருந்தது, அதனால் வேகமாக உரித்துக்கொண்டிருந்தோம். வேண்டாம். அதை நினைக்கவேண்டாம். சோளம் உரித்தோம், அவ்வளவுதான்.

"இனா" என்றான் கீழிருந்து. அம்மா என்று பொருள், எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவோம், ஆனாலும் அந்தச் சொல் தரை வழியாக வந்து என் காலில் பட்டது. குரல் இளைஞனுடையது இல்லை. நாற்பது இருக்கும். "இனா, தண்ணி." ஈ திரும்பி வந்தது. "உங்களால முடியும்னா" என்றான் கொஞ்சம் கழித்து, கடையில் எதையோ கேட்பவனைப்போல. நான் சுரைக்குடுக்கையை எடுத்தேன், ஏன் எடுத்தேன், யாராவது தண்ணீர் கேட்டால் கை அதுவாக எடுக்கும், இரண்டு வருஷமாக யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சந்தின் மேல் குடுக்கையைச் சாய்த்தேன். தண்ணீர் மூங்கிலை நனைத்து, கீற்றின் அடியில் ஓடி, சரியாக விழாமல் அவன் காதில் விழுந்தது, அவன் தலையைத் திருப்பி வாயைத் திறந்து அதைத் தேடினான், குருவிக்குஞ்சுக்கும் அவனுக்கும் வித்தியாசம் இல்லை, பன்றியும் நாக்கை நீட்டியது. குடித்து முடித்துவிட்டு, "மேல உங்களோட யாரு இருக்காங்க?" என்றான். "என் வீட்டுக்காரர்." "தூங்கறாரா?" "இல்லை." அவன் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. துணிகளின் வாடை கீழே இறங்கியிருக்கும், பழைய நூல், புகையிலை, வேறொன்று. "எவ்வளவு நாளாச்சு?" என்று மெல்லக் கேட்டான். "ரெண்டு வறட்சி." அவன் விரல்கள் வைக்கோலில் எதையோ கணக்குப் போட்டன, பிறகு நின்றுவிட்டன. "அந்த எருமைங்க..." "ஆமா." "எங்களுக்குத் தெரியாது, இனா." "பட்டியில கட்டியிருந்தா யாரோடதுன்னு அது மேலயா எழுதியிருக்கும்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. கோபம் வரும் என்று பார்த்தேன். கோபம் வரவேண்டிய இடத்தில் ஒரு களைப்பு இருந்தது.

இவருக்குக் கோபம் வந்திருக்கும். இல்லை, வந்திருக்காது, வந்ததாக ஊருக்குக் காட்டியிருப்பார். அவர் பேசுகிறவர் இல்லை. கோபத்தையும் பேசமாட்டார், ஆசையையும் பேசமாட்டார், இப்போது கல்யாணமாகிப் போய்விட்ட எங்கள் பெண் பிறந்தபோது தொட்டிலைப் பார்த்துவிட்டுப் போய் குதிரையைக் குளிப்பாட்டினார், நெடுநேரம் குளிப்பாட்டினார், அதுதான் அவருடைய சந்தோஷம் என்று எனக்குப் புரிய ஒரு மழைக்காலம் ஆனது. அன்றைக்கும், அந்தச் சோளம் உரித்த அன்றைக்கும், கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். நான் அவர் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் ஒன்றும் இல்லை, சுத்தமாகத்தான் இருந்தது. இரவில் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்தார், அதற்குப் பிறகு எப்போதுமே அப்படித்தான் படுத்தார். இப்போதும் எனக்கு முதுகுதான் தெரிகிறது. கிழக்கே பார்க்கிறவருக்கு மேற்கே நான் உட்கார்ந்தால் முதுகுதானே தெரியும். "இனா" என்றான் கீழே இருப்பவன். "பாக்கு இருக்கா? வலி தாங்கலை." பாக்கு இருக்கிறது. அவர் முன்னால் தென்னோலைத் தட்டில் இருக்கிறது, தினமும் காலையில் புதிதாக வைப்பேன், பாக்கு, வெற்றிலைக் கொடியின் காய், சுண்ணாம்பு, எங்கள் பக்கம் இலையைவிடக் காயைத்தான் மெல்லுவோம். ஆனால் பாக்கு தண்ணீர் மாதிரி இல்லை. தண்ணீரை வழியில் போகிறவனுக்கும் கொடுக்கலாம், பன்றிக்கும் கொடுக்கலாம். பாக்கு வாங்கி மென்றவன் அந்தப் பொழுதுக்கு அந்த வீட்டு விருந்தாளி, அவனைத் தொட்டால் வீட்டுக்காரரைத் தொட்ட மாதிரி, அதற்காக ஊர்களுக்குள் சண்டை நடந்திருக்கிறது. அது அவனுக்கும் தெரியும். வலிக்காகத்தான் கேட்கிறானா, உயிருக்காகக் கேட்கிறானா, இரண்டும் ஒன்றுதானா.

"எருமைங்க எங்க இருக்கு?" என்று கேட்டேன். கேட்டதும்தான் எனக்கே புரிந்தது, நான் பேரம் பேசுகிறேன். அவனுக்கும் புரிந்தது. கோழி ஒன்று அவன் வயிற்றின்மேல் ஏறி இறங்கியது. "சொன்னா அடிக்கமாட்டீங்களா, சேகண்டியை?" "மாட்டேன்." "சொன்னா உங்க ஆளுங்களை அங்க அனுப்புவீங்க." "எருமை வேணுமே. இவர் போகணுமே." வெளியே மிளகாய் காய்கிற காரம் காற்றில்லாமலே உள்ளே வந்தது. "அங்க என் தம்பி இருக்கான், இனா. இருட்டற வரைக்கும் அவன்தான் பாத்துக்கறான். பட்டி ஓரத்துல நான் விழுந்ததும் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடச் சொன்னேன், ஓடமாட்டேன்னான், எருமையை விட்டா உன் காலுக்கு வைத்தியம் எதை வச்சுப் பாக்கறதுன்னான்." கொஞ்சம் சிரித்தான், சிரிப்பு இருமலாகிவிட்டது. "நான் சொல்லமாட்டேன். நீங்க தட்டறதுன்னா தட்டுங்க." தட்டறதுன்னா தட்டுங்க. நான் எழுந்தேன். தரை கிறீச்சிட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன், கண்ணை மூடி இரண்டு கையையும் நெஞ்சின்மேல் கொண்டுவந்து, முறியாத காலை மட்டும் மடக்கி, மடக்கி, எனக்குத் தெரிந்த ஒரு வடிவமாக ஆனான். சேகண்டிப் பக்கம் போகத்தான் எழுந்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் முன்னால் குனிந்திருந்தேன், தட்டிலிருந்து ஒரு பாக்கையும் ஒரு காயையும் எடுத்திருந்தேன், சுண்ணாம்பைக் காயில் தடவியிருந்தேன். கேட்காமல் எடுக்கிறேன், உங்களுடையதுதான், என்றேன் அவரிடம். அவர் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். சந்து வழியாகப் பாக்கைப் போட்டேன். பிறகு காயை. மெல்லுகிற சத்தம் கேட்டது, அவசரமில்லாமல், வயலில் வேலை முடித்தவன் மெல்லுவதுபோல.

வெயில் சுவரின் ஓட்டைகள் வழியாக வந்து தரையில் காசுகளைப்போல விழுந்தது, மெல்ல நகர்ந்து அவருடைய துணிமேல் ஏறியது, குதிரைகள்மேல், இறால்கள்மேல். நான் தூங்கினேனா என்று தெரியாது. எருமைகள் தரைக்குக் கீழே நடந்து போயின, தண்ணீருக்குள் நடப்பதுபோலச் சத்தமில்லாமல், கொம்புகள் மட்டும் மூங்கில் சந்துகளில் உரசின, கொம்பு வளைந்தது நின்று என் உள்ளங்கையை நக்கியது, உப்பு வைத்திருக்கிறேனா என்று பார்த்தது. அதன் முதுகில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவரா, அவர் இங்கே இருக்கிறாரே, தம்பியா, யாருடைய தம்பி. நீங்களும் ஒருவருக்கு அண்ணன்தானே, லண்டு சின்னப் பையனாக இருந்தபோது வெள்ளத்தில் போனவனை முடியைப் பிடித்து இழுத்தீர்களே, அதைக்கூட நீங்கள் சொல்லவில்லை, லண்டுதான் சொன்னான். எருமைகள் இல்லாவிட்டால் நீங்கள் இங்கேயே இருப்பீர்கள், நான் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே கிழவியாவேன். அது பயமா, ஆசையா, எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியவில்லை. குளம்புச் சத்தம். இது கனவில் இல்லை. குதிரைகள், நாய்கள், ஆண்களின் குரல்கள். வெயில் சாய்ந்திருந்தது. கீழே மெல்லுவது நின்றுவிட்டது.

லண்டு ஏணிக்குக் கீழே வந்து நின்றான். முகமெல்லாம் புழுதி, கண் மட்டும் தெரிந்தது. "அண்ணி, கிடைச்சுடுச்சு" என்றான். "மேற்குக் குன்றுக்குப் பின்னாடி ஓடையில கட்டியிருந்தானுங்க. கொம்பு வளைஞ்சது மட்டும் பாறையில விழுந்து கால் முறிஞ்சு கிடந்தது, அங்கேயே அறுத்துட்டோம். மத்தது எல்லாம் வருது." நான் தலையாட்டினேன். என் உள்ளங்கை இன்னும் ஈரமாக இருப்பதுபோல இருந்தது. "ஆளுங்க?" என்று கேட்டேன். "ஒருத்தனும் இல்லை. ஒருத்தன் காவலுக்கு இருந்திருக்கான்போல, நெருப்புச் சூடாத்தான் இருந்தது. நாங்க வர்றதைப் பாத்துட்டு ஓடிட்டான்." அப்போது கீழிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்லமுடியாது. நெடுநேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்ட சத்தம். பன்றி விடுகிற மூச்சில்லை என்று லண்டுவுக்கு உடனே தெரிந்தது. நாய்கள் குரைத்துக்கொண்டு வீட்டுக்கடியில் பாய்ந்தன. வெட்டுக்கத்திகள் உறையிலிருந்து வருகிற அந்தச் சத்தம், ஒன்று, பிறகு பல. நாங்கள் சோளம் உரித்துக்கொண்டிருந்தோம். எருமை திருடிப் பிடிபட்ட ஒருவனைக் கல்லறைப் பலகைக்கு இழுத்துவந்தார்கள், அவனும் இனா என்றான், எந்த இனாவை என்று தெரியாது, எல்லாப் பெண்களும் குனிந்து உரித்தோம், வேகமாக உரித்தோம், மழை வரப்போகிறது என்று யாரோ சொன்னார்கள், மழை வரவில்லை. அவனுடைய ரப்பர் செருப்பு ஒன்று அங்கேயே கிடந்தது, யாரும் எடுக்கவில்லை, பிறகு நாய் இழுத்துப்போனது. நான் இவ்வளவையும் நினைத்து முடித்தபோது ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தேன், எப்படி வந்தேன் என்று தெரியாது. "தொடாதே" என்றேன். "அவன் விருந்தாளி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அண்ணி, அவன் திருடன்" என்றான் லண்டு, புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல. "தெரியும். பாக்கு வாங்கி மென்னுட்டான்." "யாரு குடுத்தது?" "உன் அண்ணன் தட்டுல இருந்து எடுத்துக் குடுத்தேன்." பின்னால் நின்றவர்களில் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். லண்டு முதல் படியில் கால் வைத்தான். "அண்ணன் செத்துட்டார், அண்ணி. செத்தவர் எப்படி விருந்து குடுப்பார்?" "செத்துட்டார்னா எருமை யாருக்கு?" என்றேன். நானும் அதை அப்போதுதான் கேட்டேன், என் வாயிலிருந்து. குதிரை ஒன்று தும்மியது. வெட்டுக்கத்தியைப் பிடித்திருந்த கைகள் எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே இருந்தன. கடைசியில் லண்டு, "சரி. ரோட்டுக்குக் கொண்டுபோறோம், போலீஸ்ல விட்டுடறோம்" என்றான். மற்றவர்கள் சட்டென்று ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவு சட்டென்று ஒத்துக்கொண்டதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ரோட்டுக்கு இறங்குகிற வழியில் மூன்று திருப்பங்கள், இரண்டு பள்ளங்கள். விருந்தாளி இந்த வீட்டின் நிழலைத் தாண்டியதும் விருந்தாளி இல்லை. "நானும் வர்றேன்" என்றேன். "அண்ணனை யாரு பாத்துக்கறது?" "நீ." வெள்ளத்தில் முடியைப் பிடித்து இழுத்ததை நான் சொல்லவில்லை, அவன் கண்ணைப் பார்த்தேன், அவனுக்கே ஞாபகம் வந்ததா தெரியாது. கத்தியை உறையில் போட்டான், ஏணியில் ஏறினான், என்னைத் தாண்டி உள்ளே போய் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தான்.

இறங்கினேன். மண் சூடாக இருந்தது. அவனை வெளியே எடுத்தபோது கத்தினான், ஒரே ஒரு தடவை, பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டான். உதடு பாக்கினால் சிவந்திருந்தது, எல்லோரும் அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். குதிரைமேல் போட்டார்கள். இரண்டு பேர் கயிற்றைப் பிடித்தார்கள், நான்கு பேர் பின்னால் வந்தார்கள், நான் குதிரையின் வயிற்றோடு ஒட்டி அவனுடைய நல்ல கால் பக்கமாக நடந்தேன். முதல் திருப்பத்தில் பின்னால் வந்தவர்கள் வேகம் குறைத்தார்கள், நானும் குறைத்தேன். இரண்டாவது பள்ளத்தில் ஒருவன், "இனா, நீங்க முன்னாடி போங்க, கல் வழுக்கும்" என்றான். "வழுக்கட்டும்" என்றேன். கயிற்றைப் பிடித்தவர்கள் குதிரையை மறுபடி நடத்தினார்கள். எருமைகள் எதிரே ஏறி வந்தன, எங்களுக்கு வழிவிடாமல், அவற்றுக்கு யார் திருடன் யார் வீட்டுக்காரன் என்பதெல்லாம் இல்லை, நாங்கள்தான் ஓரமாக ஒதுங்கி நின்றோம். அவன் குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்தபடி அவற்றையே பார்த்தான். "உங்க தம்பி தப்பிச்சுட்டான்" என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "கேட்டேன்" என்றான். "எருமையை விட்டுட்டான்." அவன் குரலில் அது பெருமையாக இருந்தது. புல்லின்மேல் காற்று வந்தது, காலையிலிருந்து இல்லாத காற்று, பள்ளத்தாக்கு முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்தது. கீழே பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை தெரிந்தது, பெண்கள் வெளியே வந்து நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்கள்.

போலீஸ் வண்டி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது, காலையில் யாரோ மலைமேல் ஏறி போனில் சொல்லியிருக்கிறார்கள். அவனைப் பின்னால் படுக்கவைத்தார்கள். போலீஸ்காரர் அவன் காலைப் பார்த்துவிட்டு, முதலில் ஆஸ்பத்திரி, என்று டிரைவரிடம் சொன்னார். அவன் என் பெயரைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டி கிளம்பியபோது அவன் கை மட்டும் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்திருந்தது தெரிந்தது, வளைவில் அதுவும் மறைந்தது. என் நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அவரைத் தனியா விட்டுட்டா வந்தே?" "லண்டு இருக்கான்" என்றேன். சொல்லும்போதுதான் தெரிந்தது, அந்த இறக்கம் முழுக்க, திருப்பங்கள், பள்ளங்கள், கல், எருமைகள் எல்லாவற்றிலும், அவரை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அவள் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். எருமைகள் வந்துவிட்டன, ஒன்று குறைந்தாலும் லண்டு விடமாட்டான், சோளம் அறுத்ததும் அடக்கம் நடக்கும், அவர் போய்விடுவார். அதற்கு மறுநாள் காலையில் நான் எழுந்து என்ன செய்வேன் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. பெண்கள் பாய்களைச் சுருட்டிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு மேலே கிளம்பினார்கள். நானும் அவர்களோடு திரும்பினேன், பிறகு அவர்களை முன்னால் விட்டேன். லண்டு காத்திருப்பான், அங்கே உட்கார அவனுக்குப் பழக்கமில்லை, கால் மரத்துப்போயிருக்கும். இருக்கட்டும். நான் மெதுவாகத்தான் ஏறுகிறேன்.